கடந்துபோக முடியாத இடம்

1977ஆம் ஆண்டு இரண்டு மிகுபுனைவு நாவல்கள் வெளிவந்தன. இரண்டையும் தேர்ந்தெடுத்தவர் ஒரே பதிப்பாசிரியர்: அமெரிக்காவின் பாலன்டைன் நிறுவனத்தில் ஃபேன்டஸி நூல்களைக் கவனித்துவந்த லெஸ்டர் டெல் ரே. ஒன்று, டெரி ப்ரூக்ஸ் எழுதிய ‘ஷனாராவின் வாள்’. இன்னொன்று, ஸ்டீபன் டொனால்ட்சன் எழுதிய தாமஸ் கவனன்ட் நாவல் வரிசை. அதன் மூன்று பாகங்களும் அதே ஆண்டு வந்தன.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவைதான். இரண்டிலும் உலகத்தையே விழுங்கக் காத்திருக்கும் ஒரு இருள் அரசன் இருக்கிறான். இரண்டிலும் தனக்கு என்ன சக்தி இருக்கிறதென்று தனக்கே தெரியாத ஒரு நாயகன் வருகிறான். ஒரு மந்திரப் பொருள் உண்டு, ஒரு நீண்ட பயணம் உண்டு, புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு வரைபடமும் உண்டு. ‘இதெல்லாம் டோல்கீனிடமே பார்த்தாச்சே’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஒதுக்கிவிடலாம்.

ஆனால் வாசகர்கள் அப்படி ஒதுக்கவில்லை. ‘ஷனாராவின் வாள்’ பெரிய அளவில் விற்றது. அதே வேகத்தில் ‘டோல்கீன் நகல்’ என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. அந்தக் குற்றச்சாட்டு இன்றுவரை அதை விடவில்லை. கவனன்ட் நாவல்களை வெறுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. நூறு பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்தவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் புகார் ‘இதை ஏற்கெனவே படித்துவிட்டேன்’ என்பதாகப் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒரே பதிப்பாசிரியர், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே உதிரி பாகங்கள். ஒன்று பழசாகத் தெரிகிறது, இன்னொன்று புதுசாகத் தெரிகிறது. மென்பொருள்காரன் கண்ணுக்கு இது யாரோ நமக்காகவே நடத்திக் கொடுத்த ஏ/பி டெஸ்ட் மாதிரி இருக்கிறது. வித்தியாசம் எங்கே?

பழைய பெயர்ப்பட்டியல்

‘புதுசு’ என்றவுடன் நாம் முதலில் தேடுவது பொருள்களை. இதுவரை யாரும் எழுதாத விலங்கு, யாரும் யோசிக்காத மந்திர முறை, யாரும் போகாத நிலம். எழுத ஆசைப்படும் நண்பர்களிடம் பேசினால் இந்தப் பட்டியலைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். கூடவே ஒரு பயமும் இருக்கும்: ‘எல்லாத்தையும் எழுதிட்டாங்களே, இனி என்ன மிச்சம்?’

இந்தப் பயத்துக்கு நல்ல மருந்து டோல்கீன்தான். நவீன மிகுபுனைவின் ஊற்றுக்கண் என்று நாம் நினைக்கும் அந்த ஆள், பழைய பொருளை எடுத்துக்கொள்வதில் கொஞ்சமும் கூச்சப்பட்டவர் அல்ல. 1937இல் வந்த ‘ஹாபிட்’ நாவலின் குள்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தோரின், ட்வாலின், பிஃபூர், போஃபூர், பொம்பூர், ஃபிலி, கிலி. இந்தப் பெயர்கள் எல்லாம் ‘வோலுஸ்பா’ என்ற பழைய நார்ஸ் கவிதையில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து வந்தவை. தோரினின் ‘ஓக்கன்ஷீல்டு’ பட்டப்பெயருக்கும் மூலம் அதே பட்டியல். கண்டால்ஃப் என்ற பெயரும் அங்கிருந்துதான். சொல்லப்போனால், முதல் வரைவுகளில் கண்டால்ஃப் என்பது குள்ளர் தலைவனின் பெயர்; மந்திரவாதிக்கு வேறு பெயர் இருந்தது.

வேறொருவராக இருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். நல்ல பெயர்கள் கிடைத்தன, போட்டாயிற்று, அடுத்த அத்தியாயம். டோல்கீனால் அப்படி விட முடியவில்லை. அவர் தொழிலே அது. முதல் உலகப்போர் முடிந்து வந்ததும் அவர் பார்த்த வேலைகளில் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில், ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும் சொற்களின் வேர்களைத் தேடுவது. 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலத்துக்கான பேராசிரியர். ஒரு சொல் எந்த ஊரில் பிறந்தது, எந்த வாயில் எப்படித் திரிந்தது என்று பார்த்தே வாழ்ந்த மனிதர். அப்படிப்பட்டவருக்கு ஒரு கேள்வி நெஞ்சில் முள்ளாக நிற்காமல் போகுமா? என் கதை நடக்கும் உலகத்தில் நார்வே கிடையாது, ஐஸ்லாந்து கிடையாது. அப்புறம் இந்தக் குள்ளர்களுக்கு நார்ஸ் பெயர் எப்படி வந்தது?

‘அட, கதைதானே’ என்று நாம் சொல்லிவிடுவோம். அவர் சொல்லவில்லை. 1954-55இல் மூன்று பாகங்களாக வந்த ‘மோதிரங்களின் தலைவன்’ நாவலின் பின்னிணைப்பில் அதற்குப் பதில் இருக்கிறது. குள்ளர்கள் தங்கள் சொந்தப் பெயரை வெளியாருக்குச் சொல்லவே மாட்டார்கள். கல்லறையில்கூடப் பொறிக்க மாட்டார்கள். வெளியே புழங்குவது வடக்கு மனிதர்களின் மொழியில் வைத்துக்கொண்ட பெயர்கள். அந்த வடக்கு மொழிக்கு ஈடாகத்தான் இங்கே நார்ஸ் நிற்கிறது. ஏனென்றால் நாம் படிக்கும் மொத்தப் புத்தகமும் ஒரு மொழிபெயர்ப்பு. மூலத்திலிருந்த பொதுமொழி ஆங்கிலமாக்கப்பட்டிருக்கிறது. ரோஹன் நாட்டவரின் மொழி அந்தப் பொதுமொழிக்குப் பழைய உறவு என்பதால் அது பழைய ஆங்கிலமாக ஆக்கப்பட்டிருக்கிறது. நாம் சாம் என்று கூப்பிடும் ஆளின் ‘உண்மையான’ பெயர் பனஸீர்.

இரவல் வாங்கிய பெயர்ப்பட்டியலில் தெரிந்த ஒரு ஓட்டையை அடைக்கப் போனார். அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது ஒரு முழு நாகரிகத்தின் ஆழம். டோல்கீனைப் படிக்கும்போது இந்த மலைக்குப் பின்னால் இன்னொரு மலை இருக்கிறது, இந்தச் சொல்லுக்குப் பின்னால் யாரோ செத்துப்போன ஆட்கள் இருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறதே, அது இப்படி வந்ததுதான். பொருள் பழசு. அந்தப் பொருளில் அவர் தடுக்கி நின்ற இடம் புதுசு.

கோட் ரிவ்யூவில் நிற்பவர்

என் வேலையில் கோட் ரிவ்யூ என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், நூறு முறை பார்த்துப் பழகிய வரிகளின்மேல் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் குழுவில் ஒருவர் மட்டும் ஒரு சாதாரண வரியில் நின்றுவிடுவார். தேதியைக் கணக்கிடும் ஒரு வரியாக இருக்கும். அவர் எப்போதோ ஒரு நள்ளிரவில் அதே மாதிரி வரியால் அடிபட்டிருப்பார். மற்றவர்களுக்கு அது வெறும் வரி. அவருக்கு அது தழும்பு.

ஃபேன்டஸி என்ற வகைமைக்கும் இப்படிப் பழகிப்போன வரிகள் உண்டு. மந்திரவாதிக்கு வயசாகியிருக்கும். நாயகன் வெள்ளையாக இருப்பான். காயத்துக்கு மூலிகை போட்டால் ஆறிவிடும். சக்தி பெற்றவன் தேர்ந்தெடுக்கப்பட்டவன். இவற்றையெல்லாம் எழுதுகிறவரும் கடந்துபோகிறார், வாசிக்கிறவரும் கடந்துபோகிறார். நமக்குப் புதுசாகத் தோன்றும் நாவலை எழுதியவர் பெரும்பாலும், இந்த வரிகளில் ஏதோ ஒன்றைக் கடந்துபோகவே முடியாதவர். அவர் வாழ்க்கையில், படிப்பில், வீட்டில் ஏதோ ஒன்று அவரை அங்கே நிறுத்திவிடுகிறது. இந்த வகைமையின் வரலாற்றை இப்படி நின்றவர்களின் வரலாறாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன். வாசகரும் அந்த இடத்தில்தான் ‘இது வேற’ என்று நிமிர்கிறார்.

வெள்ளைத் தாடிக்கு முன்னால்

1965இல் அமெரிக்காவின் ஏஸ் நிறுவனம் காப்புரிமைச் சட்டத்தில் இருந்த ஒரு இடைவெளியைப் பயன்படுத்தி, டோல்கீனின் அனுமதி இல்லாமலே மலிவுப் பதிப்பு போட்டது. பதிலுக்கு பாலன்டைன் அதே ஆண்டு அனுமதி பெற்ற பதிப்பைக் கொண்டுவந்தது. இந்தச் சண்டையில் புத்தகம் கல்லூரி விடுதிகளுக்குள் புகுந்தது. ஃபேன்டஸிக்கு இவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்று பதிப்பாளர்கள் கண்டுகொண்டார்கள்.

1967இல் பெர்க்லியின் சிறிய பதிப்பகமான பர்னாசஸ் பிரஸ்ஸை நடத்திய ஹெர்மன் ஷைன், உர்சுலா லெ குவினிடம் பதினொரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதித் தரச் சொன்னார். லெ குவின் அதுவரை தீவுகளும் மந்திரவாதிகளும் வரும் இரண்டு சிறுகதைகளை 1964இல் எழுதியிருந்தார். அவ்வளவுதான். யோசிக்க உட்கார்ந்தவர் ஒரு சின்ன விஷயத்தில் நின்றுவிட்டதாகப் பிற்பாடு எழுதியிருக்கிறார். மெர்லின், கண்டால்ஃப் என்று எல்லா மந்திரவாதிகளும் கிழவர்கள். பிறக்கும்போதே தாடியோடா பிறந்தார்கள்? அதற்கு முன்னால் அவர்கள் யார்? இத்தனை ஆபத்தான வித்தையை எங்கே, யாரிடம், எத்தனை தப்பு செய்து கற்றார்கள்?

அந்தக் கேள்வியிலிருந்து 1968இல் ‘எர்த்ஸீயின் மந்திரவாதி’ வந்தது. ரோக் தீவில் மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அங்கே கர்வம் பிடித்த ஒரு ஆடு மேய்க்கும் பையன், கெட். ஹாக்வர்ட்ஸ் வருவதற்கு 29 ஆண்டுகள் முன்னால். ஆனால் பள்ளிக்கூடம் என்ற யோசனையைவிட முக்கியம், அங்கே சொல்லித்தரும் பாடம். ஒரு கூழாங்கல்லை மெய்யாகவே வைரமாக்கினால் உலகத்தின் எடை மாறும். ஆகவே தேவை இல்லாமல் செய்யாதே. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோரிடத்தில் வறட்சி வரலாம். மந்திரம் தெரிந்தவர் மந்திரம் செய்யாமலிருக்கக் கற்றுக்கொள்வதுதான் படிப்பு. இந்த நாவலின் மையத்தில் போர் கிடையாது, படைகள் கிடையாது. எதிரி, கெட் தானே அவிழ்த்துவிட்ட நிழல்.

இந்தக் கேள்வி ஏன் இவருக்குத் தோன்றியது? லெ குவினின் அப்பா ஆல்ஃபிரட் க்ரோபர், அமெரிக்க மானுடவியலின் முன்னோடிகளில் ஒருவர். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதை, எப்படிக் கடத்துகிறது என்பதே அந்த வீட்டின் சாப்பாட்டு மேசைப் பேச்சாக இருந்திருக்கும். 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு ஒரு மனிதர் தனியாக வந்து சேர்ந்தார். யாஹி இனத்தில் கடைசியாக மிஞ்சியவர். க்ரோபர் அவரை சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு வரவழைத்தார். தன் பெயரைத் தானே சொல்வது அவர் மரபில் வழக்கமில்லை. சொல்லி அறிமுகப்படுத்த வேறொரு யாஹியும் இல்லை. அதனால் ‘மனிதன்’ என்று பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லால் அவரை அழைத்தார்கள். 1916இல் காசநோயில் இறக்கும்வரை அவர் தன் பெயரைச் சொல்லவே இல்லை. லெ குவினின் அம்மா தியோடோரா க்ரோபர் இஷியைப் பற்றிய புகழ்பெற்ற நூலை 1961இல் எழுதினார். ஏழு ஆண்டுகள் கழித்து மகள் எழுதிய நாவலில், ஒருவரின் மெய்ப்பெயர்தான் அவர் உயிர். உயிரையே நம்பி ஒப்படைக்கத் தகுந்தவரிடம் மட்டும்தான் அதைச் சொல்வார்கள்.

இதிலிருந்து அது வந்தது என்று நேர்க்கோடு போட நான் வரவில்லை. பெயருக்குச் சக்தி உண்டு என்ற நம்பிக்கை எல்லாத் தேசத்து நாட்டார் கதைகளிலும் இருக்கிறது. ஆனால் பெயர் என்பதை வெறும் அடையாள அட்டையாகக் கடந்துபோக முடியாத ஒரு வீட்டில் அவர் வளர்ந்தார் என்பது மட்டும் உறுதி.

இன்னொரு வரியிலும் அவர் நின்றார். கெட்டின் தோல் செம்பழுப்பு. அவன் நண்பன் வெட்ச் அதைவிடக் கறுப்பு. எர்த்ஸீயில் கொள்ளையடிக்கக் கடல் தாண்டி வருகிறவர்கள்தான் வெள்ளையர். இதை அவர் முதல் பக்கத்தில் அறிவிக்கவில்லை. வாசகர் கெட்டோடு ஒன்றிப்போன பிறகு சாவகாசமாகச் சொல்கிறார். பதிப்பாளர்களுக்கு இது உறைக்கவே பல காலம் பிடித்தது. அட்டைப்படங்களில் கெட் வெளுத்துக்கொண்டே இருந்தான். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் அவன் வெள்ளையன். லெ குவின் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஒரு பழக்கம் எவ்வளவு பலமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எழுதியவர் நின்று மாற்றிய இடத்தைக்கூட மற்றவர்களின் கண் பழையபடியே படித்துவிட்டுப் போகிறது.

வலி தெரியாத கை

இப்போது 1977க்குத் திரும்பலாம். முதலில் டொனால்ட்சன்.

அமெரிக்காவில் பிறந்த டொனால்ட்சன், மூன்று வயதிலிருந்து பதினாறு வயதுவரை இந்தியாவில் வளர்ந்தவர். அவர் அப்பா மிஷனரி மருத்துவர். எலும்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர். மகாராஷ்டிரத்தின் மிரஜில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர். அப்பா தொழுநோய் பற்றி ஆற்றிய ஒரு உரையைக் கேட்டபோதுதான் தன் நாயகன் யாரென்று பிடிபட்டது என்று டொனால்ட்சன் சொல்லியிருக்கிறார். தாமஸ் கவனன்ட் ஒரு தொழுநோயாளி.

இங்கே கொஞ்சம் மருத்துவம் வேண்டும். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல் உதிர்கிறது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. அப்படி இல்லை என்று நிறுவியதில் பெரும்பங்கு பால் பிராண்டுடையது. இவர் 1914இல் நம் கொல்லிமலையில் ஒரு மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்தவர். அவர் கண்டது இது: நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் ஆள் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார், காலில் ஆணி ஏறினாலும் நடக்கிறார், காயம் புண்ணாகி விரலைத் தின்கிறது. இரவில் தூங்குபவரின் விரலை எலி கடித்தாலும் அவருக்குத் தெரியாது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்த கதையை பிராண்ட் தன் நூல்களில் சொல்லியிருக்கிறார். மருந்து நோயை நிறுத்தும். செத்த நரம்பைத் திருப்பித் தராது. ஆகவே தொழுநோயாளி வாழ்நாள் முழுக்க ஒரு நாளில் பலமுறை தன் கைகால்களைக் கண்ணால் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1966இல் பிராண்ட் வேலூரை விட்டு, அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். நாவலில் கவனன்டுக்கு இந்த ஒழுக்கத்தைக் கற்றுத்தருவதும் லூசியானாவில் இருக்கும் ஒரு தொழுநோய் மருத்துவமனைதான்.

இப்படிப்பட்ட மனிதனை டொனால்ட்சன் ஒரு அசல் ஃபேன்டஸி உலகத்தில் தூக்கிப் போடுகிறார். அங்கே மண்ணே மருந்து. அதைப் பூசியதும் செத்த நரம்பு உயிர்க்கிறது. டோல்கீனிலும் அவருக்குப் பின் வந்தவர்களிடமும் மூலிகை காயத்தை ஆற்றுவது ஒரு ஆறுதலான பத்தி, வாசித்துவிட்டுக் கடந்துபோவோம். தொழுநோய் மருத்துவரின் மகனால் முடியுமா? கவனன்டுக்கு அந்தக் குணமாதல்தான் உலகத்திலேயே பயங்கரமான விஷயம். அதை நம்பினால் சோதிக்கும் பழக்கம் போய்விடும். பழக்கம் போனபின் கண்விழித்து நிஜத்துக்குத் திரும்பினால் அவன் கதி அதோகதி. அதனால் அவன் அந்த உலகத்தையே நம்ப மறுக்கிறான். ஃபேன்டஸி வாசகரிடம் எதிர்பார்க்கும் முதல் உபகாரம் நம்பிக்கை. நம்பினால் சாவேன் என்று நிற்கும் ஒருவனை அதன் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? இருள் அரசன், மோதிரம், பயணம் எல்லாம் பழையவையே. ஆனால் ஒவ்வொன்றும் இந்த ஒரு மறுப்பில் பட்டுத் திரும்புகிறது.

இது இனிமையான வாசிப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். உணர்ச்சி திரும்பிய கொந்தளிப்பில் கவனன்ட் தனக்கு உதவிய பெண்ணையே வன்புணர்வு செய்கிறான். பலர் புத்தகத்தை மூடுவது அங்கேதான். அவர்கள் மூடுவதில் நியாயம் இருக்கிறது. நாவல் அந்தக் குற்றத்தை மறப்பதில்லை, அதன் விளைவுகள் மூன்று பாகங்களிலும் தொடர்கின்றன. ஆனாலும் அந்தப் பெண்ணைவிட அவனுடைய குற்ற உணர்வுக்கே அதிக இடம் தருகிறது என்பது என் குறை. ஒன்றில் நின்று பார்க்கத் தெரிந்தவர் எல்லாவற்றிலும் நின்று பார்ப்பார் என்று ஒன்றும் இல்லை.

நாற்பதுக்கும் மேற்பட்ட முறை நிராகரிக்கப்பட்ட பிறகுதான் இந்த நாவல் டெல் ரேயின் கைக்கு வந்தது.

வாள் வென்றது எப்படி

ப்ரூக்ஸுக்கும் நியாயமாக இருப்போம். சட்டம் படித்தவர், பல ஆண்டுகள் உழைத்து ‘ஷனாராவின் வாள்’ எழுதினார். அதில் புதுப் பொருள் இல்லாமல் இல்லை. அந்த உலகம், பெரும்போர்களில் நம் நாகரிகம் அழிந்தபின் வந்த பூமி. அந்த வாளும் வெட்டும் வாள் அல்ல, ஏந்தியவருக்குத் தன்னைப் பற்றிய உண்மையைக் காட்டும் வாள். பட்டியலில் எழுதினால் கவனன்டுக்குச் சளைத்ததல்ல. ஆனால் அந்த இளைஞன், அவனைத் தேடி வரும் மர்மமான முதியவர், கறுப்பாகப் பறந்து துரத்தும் ஏவலர்கள், உடையும் குழு என்று கதை நடக்கும் பாதை டோல்கீன் போட்ட பாதை. புது விஷயங்கள் அந்தப் பாதையின் ஓரத்தில் நிற்கின்றன, பாதையைத் திருப்பவில்லை. நம் நாகரிகத்தின் சாம்பல்மேல் நடக்கிறோம் என்பது அந்த நாயகனின் ஒரு முடிவையாவது மாற்றியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

டெல் ரேக்கு இது தெரியாமல் இல்லை. டோல்கீனைப் படித்து முடித்தவர்கள் அதே மாதிரி இன்னொன்று கேட்கிறார்கள் என்று அவர் கணித்தார், கணிப்பு பலித்தது. அவர் வாங்கிய நாவல்களின் சூத்திரத்தை டேவிட் ஹார்ட்வெல் என்ற பதிப்பாசிரியர் பிற்காலத்தில் சுருக்கிச் சொன்னார்: மந்திரம் வேலை செய்யும் ஒரு கற்பனை உலகம், இயல்பான நற்குணத்தால் தீமையை வெல்லும் ஆண் நாயகன், வழிகாட்ட ஒரு குரு. அடுத்த இருபது ஆண்டுகள் புத்தகக் கடைகள் இதனால் நிரம்பின. நல்ல புத்தகங்களும் அதில் உண்டு. பசிக்கு அதே சாப்பாட்டை இன்னொரு தட்டு கேட்பதில் தப்பும் இல்லை. ஆனால் டோல்கீன் சொற்களின் வேர்வரை போய்விட்டு வந்தார். இவர்களில் பலர் டோல்கீன்வரை மட்டும் போய்விட்டுத் திரும்பினார்கள்.

விளைவு என்ன என்பதை 1996இல் டயானா வின் ஜோன்ஸ் ஒரு சுற்றுலா வழிகாட்டி வடிவில் அகரவரிசையாகத் தொகுத்துக் காட்டினார். அந்த நாட்டில் பயணிகள் எப்போதும் ஸ்டூதான் சாப்பிடுகிறார்கள், அது வேக மணிக்கணக்கில் ஆகும் என்றாலும். குதிரைகள் நாளெல்லாம் ஓடுகின்றன, களைப்பதில்லை; ஆகவே அவை ஒருவகைத் தாவரமாக இருக்கலாம். சிரிக்கச் சிரிக்கப் படிக்கலாம். எனக்கோ அது ஒரு பெரிய பக் லிஸ்ட். ஒவ்வொரு பதிவும், நூறு எழுத்தாளர்கள் கடந்துபோன ஒரு இடம்.

தன் வரியிலேயே நிற்பது

இதில் மிகக் கடினமானது, தான் எழுதியதிலேயே தடுக்கி நிற்பது. எர்த்ஸீயின் மூன்றாம் நாவல் 1972இல் வந்தது. அதன் பிறகு லெ குவின் 18 ஆண்டுகள் அந்த உலகத்தில் அடுத்த நாவல் எழுதவில்லை. இடையில் பெண்ணியம் அவர் வாசிப்பையும் எழுத்தையும் மாற்றியிருந்தது. திரும்பிப் பார்த்தால் தன் சொந்த உலகத்திலேயே ஒரு வரி உறுத்தியது: ரோக் பள்ளிக்கூடத்தில் ஏன் பெண்களே இல்லை? கிராமத்துச் சூனியக்காரிகளின் வித்தை ஏன் மட்டம்? அவரும் பழைய மரபில் வந்ததை யோசிக்காமல் எடுத்துப் போட்டதுதான். 1990இல் வந்த ‘டெஹானு’வில் கெட் சக்தியை எல்லாம் இழந்து நிற்கிறான். கதை, பண்ணை வேலை பார்க்கும் நடுவயது விதவை ஒருத்தியுடையது. நெருப்பில் எரிக்கப்பட்ட ஒரு சிறுமியுடையது. பழைய வாசகர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தன் பழைய புத்தகங்களை ஒரு வரிகூடத் திருத்தாமல், அவற்றுக்கு வேறு பொருள் வரவைத்த நாவல் அது.

என். கே. ஜெமிசினின் ‘ஐந்தாம் பருவம்’ 2015இல் வந்தது. அவர் நின்ற வரி: சக்தி பெற்றவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நிலநடுக்கத்தையே அடக்கவும் கிளப்பவும் வல்ல ஒரு குழந்தை பிறந்தால் ஊர் உண்மையில் என்ன செய்யும்? ஆசீர்வாதம் என்று கொண்டாடுமா? பயந்து கொல்லும், கொல்லாவிட்டால் பிடித்துப் பழக்கி வேலை வாங்கும். நாவலின் தொடக்கத்தில் ஒரு தாய், தன் சின்ன மகனை அவன் அப்பாவே அடித்துக் கொன்றிருப்பதைக் காண்கிறாள். இங்கேயும் ஒரு பயிற்சிக்கூடம் உண்டு, ஆனால் அது அடிமைகளுக்கானது. ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண், ‘சக்தி உள்ளவர்களின் உழைப்பை ஒரு நாடு எப்படி எடுத்துக்கொள்ளும்’ என்ற இடத்தைச் சும்மா கடந்துபோவாரா? அந்த வரிசையின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து ஹ்யூகோ விருது பெற்றன.

ஜெமிசினின் உலகத்தில் மந்திரத்துக்குத் தெளிவான விதிகள் உண்டு. விதிகள் இருப்பதால்தான் புதுசு என்று ‘மேஜிக் சிஸ்டம்’ பிரியர்கள் சொல்வார்கள். எனக்கும் விதிகள் பிடிக்கும், பிழைப்பே அதில்தானே. ஆனால் விதி என்பது வெறும் ஸ்பெக். அந்த விதி யார் கழுத்தில் போய் விழுகிறது என்று ஒருவர் கேட்கும்போதுதான் அது கதையாகிறது.

நம் பக்கத்து வரிகள்

தமிழில் மிகுபுனைவு எழுதுகிற, எழுத நினைக்கிற தலைமுறை இப்போது பெருகியிருக்கிறது. ‘எல்ஃபுக்குப் பதில் யட்சி போடலாமா, டிராகனுக்குப் பதில் யாளி போடலாமா’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தாராளமாகப் போடலாம், யாளிக்கு என்ன குறைச்சல். ஆனால் பாதை பழையதாக இருந்தால் யாளியும் ஓரத்தில்தான் நிற்கும், ப்ரூக்ஸின் சாம்பல் பூமி நின்ற மாதிரி.

யோசித்துப் பாருங்கள். கதைகளில் குரு சீடனின் தலையில் கை வைத்துச் சக்தியைத் தருகிறார். எத்தனையோ முறை கடந்துபோன வரி. தொட்டால்தான் மந்திரம் பாயும் என்று ஒரு உலகம் இருக்கட்டும். அந்த உலகத்தின் தெருக்கள் நம் ஊர்த் தெருக்கள் மாதிரி பிரிந்திருக்கட்டும். அங்கே யார் யாரைத் தொடுவார்? நோயில் கிடக்கும் பண்ணையாரைக் குணமாக்கும் சக்தி ஊருக்கு வெளியே இருக்கும் ஒருத்தியின் கையில் இருந்தால், அந்தக் கை அவர் நெற்றிக்குப் போய்ச் சேர எத்தனை நூறு பக்கம் ஆகும்? இதற்கு டிராகன் வேண்டாம், ஏழு ராஜ்யம் வேண்டாம், வரைபடம்கூட வேண்டாம். இதை எழுதத் தகுந்தவர், அந்த வரியைக் கடந்துபோக முடியாதபடி வாழ்க்கை நிறுத்தி வைத்தவர்தான். அது நானாக இல்லாமல் இருக்கலாம். எனக்கு வேறு வரி இருக்கும், உங்களுக்கு வேறு.

கொல்லிமலையில் பிறந்த ஒருவர் வேலூரில் நோயாளிகளின் கைகளைப் பிடித்துப் பார்த்துத் தெளிந்துகொண்ட ஒரு உண்மை, மிரஜில் வளர்ந்த ஒரு பையனின் நாவலில் போய் ஒரு கற்பனை உலகத்தையே உலுக்கியது. அந்தக் கைகள் நம்மூர்க் கைகள். அவற்றை நாமும் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டுக் கடந்துபோயிருக்கிறோம்.